கிரனோலாவுக்கு ஓட்ஸ் எதற்கு? அவலும் வேர்க்கடலையும் இருக்கே!

கேள்வி: ‘‘எங்களுக்கு இரண்டு ஏக்கரில் நெல்லும், ஒரு ஏக்கரில் வேர்க்கடலையும் இருக்கிறது. மகள் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். ‘உடம்புக்கு நல்லது’ என்று கிரனோலா பாக்கெட் வாங்கி வருகிறாள். 400 கிராம், 400 ரூபாய்க்கு மேல் விலை. சர்க்கரை நோய் உள்ள என் மாமனாரும் இட்லியை விட்டுவிட்டு, தினமும் ஒரு கிண்ணம் இதைப் பாலில் போட்டுச் சாப்பிட்டார். போன மாதம் பரிசோதித்ததில் அவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. கிரனோலா நல்லதா, கெட்டதா? இதை வீட்டிலேயே செய்ய முடியுமா? எங்கள் மகளிர் குழு இதைச் செய்து விற்கலாமா?’’

- வாசகி, காவாந்தண்டலம், உத்திரமேரூர் வட்டம்.

பதில்: முதலில் மாமனார் விஷயம். அவருக்குச் சர்க்கரை ஏறியதற்கு கிரனோலா மட்டும்தான் காரணம் என்று கடிதத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. மாத்திரை விட்டுப்போயிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். ஆனால், சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. கடையில் விற்கும் பல கிரனோலாக்களில் 100 கிராமுக்கு 15 முதல் 25 கிராம் வரை சர்க்கரை இருக்கும். அதை அளவில்லாமல் கிண்ணம் நிறையப் போட்டுக்கொண்டால் ஒரே வேளையில் மூன்று, நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளே போய்விடும். பாலிலும் சர்க்கரை போட்டிருந்தால் அது தனிக் கணக்கு.

பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். எந்தப் பொருள் எடையில் அதிகமோ, அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, தேன், வெல்லம், இன்வெர்ட் சிரப் என்று ஏதாவது ஒன்று இருந்தால், அது இனிப்புப் பண்டம் என்றே வைத்துக்கொள்ளலாம். சில பாக்கெட்டுகளில் இந்த நாலைந்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் பட்டியலில் கீழே இருக்கும், கூட்டிப் பார்த்தால்தான் அளவு தெரியும். ஊட்டச்சத்து அட்டவணையில் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்று தனி வரி இருக்கும். மகளை அந்த வரியைப் படித்துச் சொல்லச் சொன்னால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இப்படிச் சேர்க்கும் சர்க்கரை நாள் முழுவதற்கும் சேர்த்தே 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருப்பது நல்லது. இது சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கான கணக்கு.

கிரனோலா எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் டான்ஸ்வில் என்ற ஊரில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர் ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார். அவர் 1863-ல் தவிட்டோடு சேர்ந்த கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மறுபடியும் சுட்டு ஒரு காலை உணவைத் தயாரித்தார். அதன் பெயர் ‘கிரனுலா’. கல் மாதிரி இருக்கும். ராத்திரியே பாலில் ஊறவைத்தால்தான் காலையில் மெல்ல முடியும். பிறகு மிச்சிகன் மாகாணத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் ஜான் ஹார்வி கெல்லாக் அதே மாதிரி ஒன்றைச் செய்து அதே பெயரை வைத்தார். ஜாக்சன் வழக்குப் போட்டதும், ஓர் எழுத்தை மாற்றி ‘கிரனோலா’ ஆக்கினார். பின்னாளில் சோள அவலுக்குப் பெயர்போன அதே கெல்லாக்தான். தேன், எண்ணெய், பருப்பு வகைகள், உலர் பழங்கள் எல்லாம் சேர்ந்த இப்போதைய கிரனோலா 1960-களுக்குப் பிறகுதான் அங்கே பரவியது. நோயாளிகளுக்காக ஆரம்பித்த உணவு, பாக்கெட்டுக்குள் போனபோது இனிப்பும் கூடவே ஏறிக்கொண்டது.

பெயர்தான் புதிது. வறுத்த தானியத்தையும் பருப்பையும் கொஞ்சம் இனிப்பில் பிரட்டி, ஈரம் போக மொறுமொறுப்பாக்குவதுதான் கிரனோலா. கார்த்திகைக்கு நெல் பொரி, அவல் பொரியை வெல்லப்பாகில் கிளறும் வீடுகளுக்கு இந்த வேலையை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பாகைக் குறைக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

ஓட்ஸ் போடாவிட்டால் குற்றமில்லை. ஆனால், ஓட்ஸுக்கு உள்ள ஒரு குணத்தையும் சொல்லிவிட வேண்டும். அதில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து, கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும். அவலில் அது இல்லை. அந்தக் காரணத்துக்காக மருத்துவர் ஓட்ஸ் சாப்பிடச் சொல்லியிருந்தால், அதையே கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்கலாம். மற்றபடி விலை கொடுத்து ஓட்ஸ் வாங்கித்தான் கிரனோலா செய்ய வேண்டும் என்பதில்லை.

வேர்க்கடலையில் கவனம்

செய்முறைக்கு முன்னால் வேர்க்கடலையைப் பற்றிப் பேசியாக வேண்டும். இனிப்பைவிட இதில்தான் ஆபத்து அதிகம். விவசாயி வீட்டில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நல்ல காயை மூட்டை கட்டி வியாபாரிக்குப் போட்டுவிட்டு, கழித்துக் கட்டியதை வீட்டுக்கு வைத்துக்கொள்வார்கள். சுருங்கியது, முளை விட்டது, ஓட்டில் விரிசல் கண்டது, கறுத்தது எல்லாம் ‘நமக்குத்தானே’ என்று சட்னிக்கும் பிள்ளைகளின் கடலை உருண்டைக்கும் போகும்.

அப்படிப்பட்ட பருப்பில்தான் ‘ஆஸ்பர்ஜில்லஸ்’ என்ற பூஞ்சணம் குடியேறுகிறது. அது சுரக்கும் நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. காரணம் தெரியாமல் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்துத் தேடியபோது, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் இந்த நஞ்சு இருப்பது தெரியவந்தது. மனிதர்களுக்கு இது கல்லீரலைக் கெடுக்கும். தொடர்ந்து உடம்பில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். வறுத்தால் பூஞ்சணம் செத்துவிடும், ஆனால் அது விட்டுப்போன நஞ்சு அந்தச் சூட்டில் முழுதாக அழியாது. மூக்கிலும் தெரியாது, நாக்கிலும் எப்போதும் தெரியாது. கசப்பு, ஊசல் வாடை, கறுப்பு, பச்சைப் படலம் என்று ஏதாவது ஓர் அடையாளம் இருந்தால் அந்தப் பருப்பைக் கழிக்கத் தயங்கவே கூடாது.

கழித்ததை மாட்டுக்கும் கோழிக்கும் போடுகிற பழக்கமும் ஆகாது. கறவை மாடு சாப்பிட்டால் நஞ்சின் ஒரு பங்கு பாலில் இறங்கும், அந்தப் பால் திரும்ப வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் வரும். செக்கில் ஆட்டிய எண்ணெயிலும் கொஞ்சம் இறங்கும். குழி தோண்டிப் புதைப்பது நல்லது.

தடுக்க முடியுமா என்றால், பெருமளவு முடியும். வேலை அறுவடையன்றே தொடங்குகிறது. கடலை முற்றிய பிறகு நாள் கடத்தாமல் பிடுங்க வேண்டும். கடைசி நாட்களில் வறட்சி தாக்கினால் பூஞ்சணம் மண்ணிலேயே காய்க்குள் ஏறிவிடும், தண்ணீர் வசதி இருந்தால் அப்போது ஒரு தண்ணீர் விட்டுப் பிடுங்கலாம். பிடுங்கிய செடியைக் குவித்துப் போட்டால் உள்ளே புழுங்கும். காயை மேலே பார்த்தபடி கவிழ்த்து வைத்தால் காற்றாடும். காயைப் பறித்த பிறகு வெறும் தரையில் போடாமல் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும். சாயங்காலம் பனி இறங்குவதற்குள் மூடி வைக்க வேண்டும். காயைக் காதருகே வைத்து ஆட்டினால் பருப்பு கலகலவென்று சத்தம் போட வேண்டும். பருப்பை விரலால் தேய்த்தால் தோல் உரிய வேண்டும், கடித்தால் படக்கென்று உடைய வேண்டும். அந்தப் பக்குவத்தில் ஈரப்பதம் 8 சதவிகிதத்துக்குள் வந்திருக்கும்.

இன்னொரு பழக்கத்தை விட்டாக வேண்டும். கடலை உடைக்கும்போது பருப்பு உடையாமல் முழுசாக வரட்டும் என்று காயின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். உடைப்பது சுலபம்தான். ஆனால், வெயிலில் கஷ்டப்பட்டுக் காயவைத்த ஈரத்தைத் திரும்ப ஏற்றி, மூட்டைக்குள் பூஞ்சணத்துக்கு இடம் கொடுப்பதாகிவிடும். வீட்டுத் தேவைக்கு வைக்கிற கடலையைக் காயாகவே வைத்து, 15 நாளுக்குத் தேவையானதை மட்டும் அவ்வப்போது உலர்வாக உடைத்துக்கொள்வது நல்லது. வீட்டுக்கென்று வைக்கும்போது முதல் தரக் காயில் ஒரு மூட்டையை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை வியாபாரிக்குப் போடலாம். ஒரு மூட்டையில் வரும் விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது.

செய்முறை: அடுப்பும் வாணலியும் போதும்

கெட்டி அவல் 300 கிராம். சிவப்பு அரிசி அவல் கிடைத்தால் தவிட்டுச் சத்தும் கொஞ்சம் சேரும். மெல்லிய அவல் வேண்டாம், பாகு பட்டதும் துவண்டுவிடும். சோளப் பொரி அல்லது கேழ்வரகுப் பொரி 100 கிராம், தோல் நீக்கி இரண்டாக உடைத்த வேர்க்கடலை 150 கிராம், பொட்டுக்கடலை 50 கிராம், எள் 50 கிராம், பூசணி விதை அல்லது வெள்ளரி விதை 50 கிராம், மெல்லியதாகச் சீவிய கொப்பரை 40 கிராம். இனிப்புக்கு வெல்லம் 80 கிராம், கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி. கால் தேக்கரண்டி உப்பு, ஏலக்காய் நாலு, சுக்குத்தூள் அரைத் தேக்கரண்டி. உப்பு போடுவது ருசிக்காக மட்டும் அல்ல. ஒரு சிட்டிகை உப்பு இருந்தால் குறைந்த வெல்லமே இனிப்பாகத் தெரியும்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வறுக்கக் கூடாது. எள் வெடிக்கிற நேரத்தில் கடலை பாதிதான் வறுபட்டிருக்கும். அவலை முறத்தில் புடைத்துத் தூசியை நீக்கி, அடிகனமான வாணலியில் சின்னத் தீயில் ஆறேழு நிமிடம் வறுக்க வேண்டும். நிறம் மாற வேண்டியதில்லை. இரண்டு விரலால் நசுக்கினால் ‘நொறுக்’ என்று பொடிய வேண்டும், அதுதான் பதம். கடலையைத் தனியாக வறுத்து, தோலைத் தேய்த்துப் புடைத்துவிடலாம். அந்தப் புடைக்கிற நேரத்தில் நிறம் மாறிய பருப்பு கண்ணில் பட்டால் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். பிறகு எள், விதை, கொப்பரை என்று ஒவ்வொன்றாக. கொப்பரை ஒரு நொடியில் கருகிவிடும் என்பதால் வாணலியை இறக்கி வைத்து அந்தச் சூட்டிலேயே புரட்டினால் போதும். பொரியும் பொட்டுக்கடலையும் ஏற்கெனவே வறுபட்டவை, சும்மா சூடு காட்டினால் சரி.

வெல்லத்தில் கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடியும் அடுப்பில் வைக்க வேண்டும். நுரைத்துக் கொதித்து, விரலில் தொட்டால் ஒரு கம்பி இழுக்கும் பதம் வந்ததும் எண்ணெய், உப்பு, ஏலக்காய், சுக்கு சேர்த்துத் தீயைக் குறைத்து, வறுத்த எல்லாவற்றையும் கொட்டிக் கிளற வேண்டும். ‘இவ்வளவு சாமானுக்கு இந்தப் பாகு எப்படிப் போதும்?’ என்று இந்த இடத்தில் கை தானாக வெல்ல டப்பாவுக்குப் போகும். போக விடக் கூடாது. உருண்டை பிடிக்கத்தான் பாகு அதிகம் வேண்டும். இங்கே பாகு மேலே லேசாகப் பூசினாற்போல் இருந்தால் போதும்.

பாகில் உள்ள தண்ணீரை அவல் உறிஞ்சுவதால் முதலில் எல்லாம் கொஞ்சம் துவண்ட மாதிரி தெரியும். பயப்பட வேண்டாம். சின்னத் தீயில் 8 முதல் 10 நிமிடம் கிளறிக்கொண்டே இருந்தால் ஈரம் போய் மறுபடியும் சலசலக்கும். ஒரு தேக்கரண்டி எடுத்துத் தட்டில் ஆறவைத்துக் கடித்துப் பார்க்கலாம். மொறுமொறுப்பு வரவில்லையென்றால் இன்னும் இரண்டு நிமிடம். கட்டி கட்டியாக வேண்டுமென்றால் எண்ணெய் தடவிய தாம்பாளத்தில் கொட்டி, கரண்டியால் அழுத்தி, ஆறும்வரை தொடாமல் விட வேண்டும். உதிரியாக வேண்டுமென்றால் பரப்பி விடலாம். முக்கியமாக, சூட்டோடு மூடக் கூடாது. மூடியின் உள்பக்கம் வேர்க்கும் தண்ணீர் சொட்டினால் மூன்றாம் நாளே நமத்துவிடும்.

உலர் திராட்சை, பேரீச்சை சேர்ப்பதாக இருந்தால் முழுதாக ஆறிய பிறகு கொஞ்சமாகச் சேர்க்கலாம். அடுப்பில் இருக்கும்போது போட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். இவற்றில் இருப்பதும் பெரும்பாலும் சர்க்கரைதான் என்பதால், வெல்லத்தைக் குறைத்த புண்ணியம் இதில் போய்விடக் கூடாது.

மொத்தம் சுமார் 840 கிராம் கிடைக்கும். ஒரு வேளைக்கு 40 கிராம் என்று வைத்தால் 20 வேளைக்கு மேல் வரும். அந்த 40 கிராமில் வெல்லம் 4 கிராமுக்குள்தான், ஒரு தேக்கரண்டிகூட இல்லை. 180 முதல் 190 கலோரியும், 4 முதல் 5 கிராம் புரதமும் இருக்கும். கடலை, எள், கொப்பரை சேர்வதால் கலோரி குறைவான உணவு என்று இதைச் சொல்ல முடியாது. கண்ணளவில் அள்ளிப்போட்டால் 80 கிராம் சாதாரணமாக விழும். ஒரே ஒரு முறை தராசில் 40 கிராம் நிறுத்து, அது வீட்டு டம்ளரில் எவ்வளவு வருகிறது என்று பார்த்து, அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம்.

செலவைப் பார்க்கலாம். ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் விலை மாறும் என்பதால் இது உத்தேசக் கணக்குத்தான். அவல் 24 ரூபாய், பொரி 12, கடலை 21, பொட்டுக்கடலை 6, எள் 11, பூசணி விதை 25, கொப்பரை 12, வெல்லம் 6, எண்ணெய் 10, எரிவாயு 15 என்று வைத்தால் 142 ரூபாய். 400 கிராமுக்கு 70 ரூபாய்க்குள் அடங்கும். இதிலும் விலை கூடியது பூசணி விதைதான். சாம்பாருக்கு நறுக்கும் பரங்கி, பூசணியின் விதையைக் குப்பையில் கொட்டாமல் கழுவி, காயவைத்து, உடைத்து வைத்தால் அந்த 25 ரூபாயும் மிச்சம்.

மாமனாருக்கு என்ன கொடுப்பது?

‘வெல்லம்தானே போட்டிருக்கிறோம், சீனி இல்லையே’ என்று நினைத்து அவருக்குக் கொடுக்கக் கூடாது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், வெல்லம் எதுவாக இருந்தாலும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் விஷயத்தில் சீனிக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. தாதுச் சத்து கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை, ஆனால் அந்தச் சத்துக்காக அவர் வெல்லம் சாப்பிட வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவலும் பொரியும் சீக்கிரம் செரிக்கும் உணவுகள். இனிப்பே சேர்க்காவிட்டாலும், அதிகம் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும். சிறுதானியத்தில் செய்த பொரிக்கும் இதே கதைதான்.

அவருக்குக் காரமாகச் செய்யலாம். அவலையும் பொரியையும் பாதியாகக் குறைத்து, கடலை, பொட்டுக்கடலை, எள், விதைகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பாகுக்குப் பதில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் கறிவேப்பிலை, பெருங்காயம், மிளகுத்தூள், மஞ்சள்தூள், குறைந்த உப்பு போட்டு, வறுத்தவற்றைப் பிரட்டி எடுக்கலாம். 30 கிராம் எடுத்து, சர்க்கரை போடாத தயிரில் கலந்து, வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டுக் கொடுக்கலாம். பல் இல்லாதவருக்கு ஐந்து நிமிடம் ஊறவிட்டால் மெல்லச் சுலபம். இந்த அளவும் அவருக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவைப் பரிசோதித்துக் குறித்து வைக்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அந்தக் குறிப்பைக் காட்டி ஆலோசனை கேட்கலாம். உணவை மாற்றிவிட்டோம் என்று மாத்திரையை அவராகக் குறைக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர் என்றால் கடலை, விதைகளைக் கூட்டுவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், ஐந்து வயது வரை முழுக் கடலை, முழு விதை கொடுக்கக் கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். மிக்ஸியில் பொடித்துப் பாலில் கலந்து கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் சேர்த்த எதுவும் ஆகாது.

குழு செய்து விற்பதாக இருந்தால்...

விற்கலாம். ஆனால் வீட்டுக்குச் செய்கிற அதே கை, விற்பனைக்குச் செய்யும்போது இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு இல்லாமல் உணவுப் பொருள் விற்க முடியாது. சிறிய அளவில் செய்பவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் எளிய பதிவுமுறை இருக்கிறது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் உதவி கேட்கலாம். பாக்கெட்டில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதி வரை நன்றாக இருக்கும், விலை, முகவரி, பதிவு எண், பச்சை அடையாளம் எல்லாம் இருக்க வேண்டும். ‘வேர்க்கடலை உள்ளது’ என்று தனியாகவும் தெரியும்படி அச்சிட வேண்டும். சிலருக்கு ஒரு கடலை பட்டாலே உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு ஒவ்வாமை உண்டு.

எழுதக் கூடாதவையும் உண்டு. ‘சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது’, ‘கொழுப்பைக் கரைக்கும்’ போன்ற வாசகங்கள் விற்பனைக்கு உதவும்போலத் தோன்றும். ஆதாரம் இல்லாமல் அப்படி எழுதுவதை 2018-ம் ஆண்டின் விளம்பர விதிமுறைகள் அனுமதிப்பதில்லை. விதியை விடுங்கள், அப்படி ஒரு நம்பிக்கையில்தானே காவாந்தண்டலத்தில் ஒரு பெரியவர் தினமும் கிண்ணம் நிறையச் சாப்பிட்டார்? ‘100 கிராமில் வெல்லம் 10 கிராம்’ என்று முன்பக்கத்திலேயே போட்டால், விவரம் தெரிந்தவர் தேடி வந்து வாங்குவார். அந்த அளவை ஒவ்வொரு முறையும் தராசில் நிறுத்துப் போட்டிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

கடலை கொள்முதலில் குழுவுக்கு ஒரு வசதி இருக்கிறது. கடையில் மூட்டை வாங்குகிறவருக்கு அந்தக் கடலை எந்த வயலில், எப்படிக் காய்ந்தது என்று தெரியாது. குழுவில் உள்ளவர்களின் வயல் கடலையையே வாங்கினால், தண்ணீர் தெளித்து உடைத்ததா, தார்ப்பாயில் காய்ந்ததா என்று நேரில் பார்த்து எடுக்கலாம். அதற்காகக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். வறுப்பதற்கு முன் இரண்டு பேர் தனித்தனியாகப் பொறுக்குவது என்று வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவர் கண்ணில் படும்.

பயிற்சிக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். உணவுப் பதப்படுத்துதலுக்கென்றே தஞ்சாவூரில் மத்திய அரசின் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. குறு உணவு நிறுவனங்களுக்காக 2020-ல் தொடங்கிய பிரதமரின் திட்டத்தில் இயந்திரங்களுக்கு 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை கடனோடு இணைந்த மானியமும், சுய உதவிக் குழுவில் உணவுத் தொழில் செய்யும் உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதியும் அறிவிக்கப்பட்டன. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்கலாம். மானியத்தை நம்பி முதலிலேயே பெரிய அடுப்பு, பாக்கெட் இயந்திரம் என்று கடன் வாங்க வேண்டாம். இரண்டு மாதம் வாணலியில் செய்து, தெரிந்த பத்து வீடுகளுக்குக் கொடுத்து, எத்தனை பேர் இரண்டாவது முறை கேட்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது.

எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதையும் அந்த இரண்டு மாதத்திலேயே தெரிந்துகொள்ளலாம். காற்றுப் புகாத எவர்சில்வர் அல்லது கண்ணாடி டப்பாவில் வெயில் காலத்தில் மூன்று வாரம் வரை மொறுமொறுப்பாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டப்பாவை நாலு தடவை திறந்தாலே நமத்துவிடும். நமத்துப்போனதை வாணலியில் சின்னத் தீயில் ஐந்து நிமிடம் புரட்டினால் சரியாகும். ஆனால், சிக்கு வாடை வந்துவிட்டால் கடலையிலும் எள்ளிலும் உள்ள எண்ணெய் கெட்டுவிட்டது என்று அர்த்தம், அதை வறுத்தும் மீட்க முடியாது. அதனால் ஒவ்வொரு முறை செய்யும்போதும் இரண்டு பாக்கெட்டைத் தேதி எழுதிச் சமையலறையிலேயே வைத்துவிட்டு, 15-ம் நாள் ஒன்று, 30-ம் நாள் ஒன்று என்று பிரித்து முகர்ந்து, தின்று பார்த்து நோட்டில் எழுதி வர வேண்டும். கோடையில் ஒரு முறை, அடைமழையில் ஒரு முறை இப்படிப் பார்த்த பிறகு, இரண்டில் எது குறைவோ அந்த நாள் கணக்கையே பாக்கெட்டில் அச்சிடலாம்.